"இன்னொரு வாட்டி விரல் வைங்கம்மா": 9,500 ரூபாய் போச்சு, உஷார்!

வியாசர்பாடியில் ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் ஒரு ஜெராக்ஸ் கடை. பக்கத்து வீட்டு அம்மா கேட்டது 2,000 ரூபாய். கைக்கு வந்ததும் 2,000தான். பாஸ்புக்கில் விழுந்திருப்பதோ இரண்டு வரி: 2,000, அடுத்த நிமிஷமே 9,500.

முதல் தடவை விரல் வைத்ததும் கடைக்காரர் மெஷினைத் துணியால் துடைத்துவிட்டு, "ரேகை விழலம்மா, கை காஞ்சிருக்கு, நல்லா அழுத்தி இன்னொரு வாட்டி வைங்க" என்றிருக்கிறார். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாதது ரேஷன் கடையில் தினம் பார்ப்பதுதான். யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த நம்பிக்கையைத்தான் திருடியிருக்கிறார்கள். இந்த முறையில் ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. ஆதார் எண், வங்கி பெயர், விரல், அவ்வளவுதான். தொகையை அடிப்பது கடைக்காரர். ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு அழுத்தலும் ஒரு தனிக் கையெழுத்து என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டன் போனில் விளம்பர மெசேஜ் நிரம்பிக் கிடந்ததால் வங்கியின் எஸ்எம்எஸ் வந்து சேரவே இல்லை. பாஸ்புக் என்ட்ரி போட்டபோதுதான் 9,500 போனது தெரிந்தது.

கடையில் கேட்டால், "சர்வர் பிரச்சினை, மூணு நாள்ல தானா ஏறிடும்." பச்சைப் பொய்! தோல்வியான பரிவர்த்தனைக்குத்தான் பணம் தானாகத் திரும்பும். இது வெற்றி என்று பதிவானது. வெளியாள் செய்த மோசடியை, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதி. அந்த மூன்று நாளைக் கரைக்கத்தான் இந்தச் சமாதானம்.

வங்கிக் கிளையில்? "நீங்கதானே விரல் வெச்சீங்க?" அடுத்த கவுன்ட்டரில், "ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்க." ஸ்மார்ட்போனே இல்லாதவரிடம் ஆப்! பணத்தைக் காக்கத்தான் வழியில்லை என்றால், பறிகொடுத்ததைச் சொல்லவும் வழியில்லையா? 9,500 ரூபாய், வீட்டு வேலை செய்து சேர்த்த பணம்.

அவசரமாகச் சில விஷயம். முதல் தடவை தோல்வி என்றால் அதற்கான சீட்டைக் கேளுங்கள். அது கையில் வராமல் இரண்டாம் தடவை விரல் வைக்காதீர்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பட்டன் போனிலிருந்தே பேசலாம். வங்கிக்குப் புகாரைத் தாளில் எழுதி, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீட்டிலுள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குத் தபாலிலேயே அனுப்பலாம், விவரத்துக்கு 14448. பணம் எடுக்க, கிளையில் பாஸ்புக்கும் வித்ட்ராயல் ஸ்லிப்பும் போதும், போன் வேண்டாம். எழுதிக் கொடுத்தால் ஆதார் வழிப் பணமெடுப்பைப் பல வங்கிகள் நிறுத்தி வைக்கும். ஆதாரில் கைரேகையையே லாக் செய்யச் சொல்லிவிடாதீர்கள், ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது.