நீல அட்டைதான் முதலில்: மாற்று வரலாறு யோசிக்கும் அட்டை முறை, ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குன்னூர், வெலிங்டன் பக்கம் போர் வரலாறு பேச ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டாஃப் காலேஜும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இங்கேதான் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ராணுவத்தார் இல்லாத தெரு குறைவு. பேச்சு சுலபமாகத் தொடங்கிவிடும், உருப்படியாக முடிவதுதான் கஷ்டம். இருபதாம் நூற்றாண்டுப் போர் ஒன்று ஓரிடத்தில் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கூடி யோசிக்க, எங்கள் வாசகர் வட்டம் ஆறு ஆண்டுகளாக ஓர் அட்டை முறையைப் பயன்படுத்துகிறது. அது எங்கே நன்றாக உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதுதான் இந்தப் பகிர்வு.

தேவையானவை கொஞ்சம்தான். ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகள் நான்கு நிறத்தில், ஓர் அமர்வுக்கு அறுபது போதும். சுவர் வரைபடம் ஒன்று வேண்டும். அது மலை, ஆறு, கணவாய் காட்டும் இயற்கையமைப்பு வரைபடமாக இருக்கட்டும். எல்லைக்கோடும் தலைநகரும் மட்டும் காட்டும் வரைபடத்தை மாட்டினால் பேச்சும் எல்லைக்கோட்டிலேயே நின்றுவிடும். இவற்றோடு 2பி பென்சில், நூல், குண்டூசி, ஒரு செட் தாயக்கட்டை. நான்கிலிருந்து ஆறு பேர், இரண்டரை மணி நேரம். ஏழாவது ஆள் வந்தால் இருவர் தனியாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

வெள்ளை அட்டையில் நடந்ததைத் தேதியோடு எழுத வேண்டும். மஞ்சள் அட்டை திருப்பத்துக்கு, அதுவும் ஒரே ஒரு திருப்பத்துக்கு. பச்சை அட்டை விளைவுக்கு. நீல அட்டையில் யார் நினைத்தாலும் மாற்ற முடியாதவை வரும்: பனி, மழை, தூரம், எரிபொருள், தண்டவாள அகலம். எல்லோருக்கும் மஞ்சளில் தொடங்கத்தான் கை துறுதுறுக்கும். தொடங்கக் கூடாது. முதல் அரை மணி நேரம் நீலமும் வெள்ளையும் மட்டுமே எழுத வேண்டும். மஞ்சளில் தொடங்கிய அமர்வுகளில் பாதிக்கு மேல், கடைசிக் கால் மணியில் யாராவது ஒருவர் சொன்ன ஒரு நடைமுறைத் தடையால் மொத்தமாகச் சரிந்திருக்கின்றன.

1971 வங்கதேசப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் வாழ்ந்து, 2008-ல் வெலிங்டனில் மறைந்து, ஊட்டியில் அடக்கமான, அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா சம்பந்தப்பட்டது என்பதால் இங்கே அடிக்கடி வரும் கேள்வி இது. அந்த ஏப்ரலில் அன்று கிழக்கு பாகிஸ்தானாக இருந்த கிழக்கு வங்கத்துக்குள் படை நுழைய முடியுமா என்று கேட்கப்பட்டபோது இப்போது முடியாது என்று மறுத்ததை, பின்னாளில் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். மஞ்சள் அட்டை: 'ஏப்ரல் இறுதியில் உத்தரவு போகிறது.'

அதை வைக்கும் முன் மேசையில் இருக்க வேண்டிய நீல அட்டைகள் மூன்று. இமயக் கணவாய்களில் பனி உருகிச் சீனப் படைக்கு வழி திறக்கும் காலம் அது, போர் நடந்த டிசம்பரில் அதே கணவாய்கள் அடைபட்டிருந்தன. ஜூனில் மழை இறங்கினால் வங்கத்து ஆறுகள் கரை தெரியாமல் விரியும். வடக்கே அறுவடை முடிந்து தானியம் ஏற்ற ரயில் பெட்டிகள் வேண்டும், படை நகரவும் அதே பெட்டிகள்தான் வேண்டும். வெள்ளையிலும் மூன்று. சோவியத்துடனான ஒப்பந்தம் ஆகஸ்ட் 9-ல்தான் கையெழுத்தானது. பிப்ரவரியிலிருந்து இந்திய வான்வழி மூடப்பட்டதால் பாகிஸ்தான் விமானங்கள் இலங்கை வழியாகச் சுற்றிப் போயின. அந்த இலங்கையிலேயே ஏப்ரல் 5-ல் இடதுசாரி இளைஞர் இயக்கமான ஜேவிபியின் கிளர்ச்சி வெடித்தது.

இப்போது மஞ்சளை வையுங்கள். உத்தரவு ஏப்ரலில் போனாலும், மேற்கிலும் வடக்கிலும் இருக்கும் படைகளைக் கிழக்கே கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். ஆக, ஏப்ரலில் எடுத்த முடிவு ஜூனில்தான் போராகிறது, அதுவும் நட்ட நடு மழையில். இதை யாரும் வாதிட்டு நிறுவத் தேவையில்லை, அட்டைகளை வரிசையாக அடுக்கினாலே கண்ணுக்குத் தெரியும். இந்த முறையின் பெரிய பலம் இதுதான். அதே சமயம் எதிர்ப்பக்க வெள்ளை அட்டை ஒன்றும் உண்டு: டிசம்பருக்குள் எல்லை தாண்டி வந்த அகதிகள் ஒரு கோடி அளவுக்கு. அந்தச் சாலைகளில் இறந்தவர்களைக் கணக்கில் எடுக்காமல் 'காத்திருந்தது சரி' என்று அமர்வை முடிக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. இரண்டு பச்சை வரிசைகளையும் அப்படியே விட்டுவிடுவோம்.

மோசமான மஞ்சள் அட்டை எப்படி இருக்கும்? 'ஹிட்லர் ஜெயித்திருந்தால்' என்பது திருப்பமே அல்ல, முடிவு. 'ஜப்பான் 1942-ல் இலங்கையைப் பிடித்திருந்தால்' என்பது அதைவிடக் கொஞ்சம் தேவலாம், ஆனாலும் நீல அட்டையில் செத்துவிடும். ஏப்ரல் 5-ல் கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன, கரையிறங்கச் சிப்பாய்கள் இல்லை. அதற்குப் படைப்பிரிவுகளைத் தர ஜப்பானியத் தரைப்படை ஒப்பவும் இல்லை. நல்ல மஞ்சள் இப்படி இருக்கும்: 'தாக்குதல் ஏப்ரல் 1-லேயே வந்தது.' ஏனென்றால் அந்தத் தேதியை எதிர்பார்த்துத்தான் சோமர்வில்லின் பிரிட்டிஷ் கப்பற்படை இலங்கைக்குத் தெற்கே கடலில் காத்திருந்தது. யாரும் வராததால் எண்ணெய் நிரப்ப மாலத்தீவின் அட்டு தீவுக்குத் திரும்பியது. நான்கு நாள் வித்தியாசம்தான், ஆனால் இரு பெரும் கப்பற்படைகள் நேருக்கு நேர் நின்றிருக்கும். தேதியும் ஆளும் காரணமும் அந்த ஒரே அட்டையில் இருக்கின்றன.

தாயக்கட்டை உருட்டுவது உண்மையான தற்செயலுக்கு மட்டும். ஏப்ரல் 4 மாலை கனடா விமானி பர்ச்சாலின் காட்டலினா விமானம் அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியதால்தான் கொழும்பிலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறின. அவர் கண்ணில் அவை படாமல் போயிருக்கலாமா? உருட்டலாம். இரண்டு கட்டையில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு, எனவே அரிதான நிகழ்வுக்குத் தாயம் சரியாகப் பொருந்தும். ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவுக்கு மட்டும் உருட்டாதீர்கள். அங்கே காரணம்தான் தேட வேண்டும்.

தண்டவாள அகலம் என்ற நீல அட்டையை வெளியூர்க்காரர்கள் அலட்சியமாகத் தாண்டிவிடுவார்கள். இந்த மலைக்காரர்களுக்கு அது உடனே புரியும். மேட்டுப்பாளையத்தில் பிராட் கேஜ் முடிந்து மீட்டர் கேஜ் தொடங்குகிறது. ஒரு மூட்டை மேலே வர வேண்டுமென்றால் இறக்கி ஏற்றித்தான் ஆக வேண்டும். 1941-ல் ரஷ்யாவுக்குள் போன ஜெர்மானியர்களுக்கும் இதே தொல்லை: அவர்களுடையது 1435 மில்லிமீட்டர், அங்கே 1524. தண்டவாளத்தை 89 மில்லிமீட்டர் நகர்த்தி அடிப்பதைக்கூடச் செய்துவிட்டார்கள். ஆனால் சோவியத் எஞ்சின்கள் பெரியவை, தண்ணீரும் அதிகம் சுமப்பவை, அதனால் தண்ணீர் பிடிக்கும் நிலையங்களும் தள்ளித் தள்ளி இருந்தன. ஜெர்மன் எஞ்சின்களுக்கு அந்தத் தூரம் எட்டவில்லை. எங்கள் மலை ரயிலின் நீராவி எஞ்சின் ஹில்குரோவ் நிலையத்தில் நின்று தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'மாஸ்கோ விழுந்திருந்தால்' என்று யார் மஞ்சள் அட்டை எடுத்தாலும், பக்கத்தில் இந்த நீலத்தை வைத்துவிட்டுத்தான் பேச விடுவோம்.

இனி, எது கெட்டுப்போகும் என்று பார்ப்போம். முதலாவது மரியாதை. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வாயைத் திறந்தால், 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் மற்ற ஐந்து பேர் யோசிப்பது நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் பத்து நிமிடம் பேசாமல் எழுத வேண்டும், பெயர் போடாமல். பிறகு கலைத்துப் போட்டு வாசிக்க வேண்டும். 1962 சீனப் போரில் விமானப்படையைப் போரிட அனுப்பியிருந்தால் என்ற கேள்விக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் பழைய கோபங்கள்தான் பேசும்.

இரண்டாவது, சங்கிலி நீள்வது. ஒரு வாரம், ஆறு மாதம், ஐந்து ஆண்டு என்று மூன்று சுற்றோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பச்சை அட்டையையும் நூற்றுக்கு எழுபது நம்பலாம் என்று வைத்தாலும், நான்கு அட்டை தாண்டினால் நம்பிக்கை இருபத்துநான்காகிவிடும். எல்லாப் பச்சையிலும் 'எதனால்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத அட்டை தனி டப்பாவுக்குப் போகும்.

மூன்றாவது, ஈரம். குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழையில் பேனா மை பரவும், அட்டை வளையும், ஓரத்தில் பூசணம் பிடிக்கும். பென்சில்தான் தாங்குகிறது. மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் இரண்டு சிலிக்கா பொட்டலம் போட்டு வைத்தால் போதும். லேமினேஷன் வேண்டாம், அழித்து எழுத முடியாது.

எல்லா அமர்விலும் ஒரு பச்சை அட்டையாவது ராணுவ உடை போடாதவரைப் பற்றி இருக்க வேண்டும். ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிந்ததை மறந்துவிட்டு பர்மாப் போரை மாற்றி எழுதுவது எங்களால் ஆகாது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வராமல் போயிருந்தால்? எண்ணெய்த் தொட்டிகள் தப்பியிருக்கும், ஊர் கிலி பிடித்துக் காலியாகியிருக்காது, 'அவன் சரியான எம்டன்' என்ற சொல்லும் நம் வாயில் இருந்திருக்காது.

இப்போது மேசையில் இருப்பது இது. மஞ்சள்: '1960 ஏப்ரல் டெல்லிப் பேச்சில் நேருவும் சீனப் பிரதமர் சூ என்லாயும் எல்லை உடன்பாட்டுக்கு வந்தனர்.' 1962 போர் இல்லை. அப்படியானால் 1964 அக்டோபரில் இலங்கையுடனான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அதே எண்ணிக்கையில் முடிந்திருக்குமா? இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்ற ஒப்பந்தம் அது. அதில் வந்தவர்களின் மறுவாழ்வுக்காகத்தான் கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. போரில் அடிபட்ட டெல்லிக்கு அண்டை நாடுகளின் நட்பு தேவைப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. 1962 டிசம்பரில் ஆறு நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேசியவர் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ என்பது அந்த வாதத்துக்குப் பக்கபலமாக நிற்கும் வெள்ளை அட்டை. நேருவின் மறைவும் சாஸ்திரியின் வருகையும் அதற்கு எதிரே நிற்கும் வெள்ளை. 'எதனால்' வரியில் இரண்டையும் எழுதி, அந்தப் பச்சை அட்டையைக் கேள்விக்குறியோடு டின்னின் மேலாக வைத்திருக்கிறோம்.