பழைய மடிக்கணினியில் தமிழ்: சாட்ஸ்வொர்த் வகுப்பறையில் விண்டோஸும் உபுண்டுவும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்புக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகம் தான் கழித்துவிட்ட பத்து மடிக்கணினிகளை நன்கொடையாக அளித்தது. எல்லாம் 2016ஆம் ஆண்டு வாங்கப்பட்டவை. இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி கொண்ட அவற்றில் எட்டுக்கு 8 ஜிபி நினைவகம்; மீதி இரண்டுக்கு 4 ஜிபி. விண்டோஸ் 10 அவற்றில் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றபோதுதான், இனி எந்த இயங்குதளம் என்ற கேள்வி எங்கள் செயற்குழுவின் முன் வந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் வேண்டும் என்பதால், எங்கள் பத்துக் கணினிகளில் ஒன்றுகூட அதற்குத் தகுதி பெறவில்லை. ஓராண்டுக்குத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 2026 அக்டோபரில் அதுவும் முடியும் என்றே அப்போது அறிவித்திருந்தார்கள்.

நாங்கள் விசாரித்த கடைக்காரர், எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியவை வாங்குவதே ஒரே வழி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தொகை எங்கள் காவடித் திருவிழாவின் பூச்செலவையும் சமையற்செலவையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. லினக்ஸ் வகையைச் சேர்ந்த, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு என்னும் இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். செயற்குழுவில் வரவுசெலவு பார்க்கும் அண்ணன், நாற்பது ஆண்டுகள் கணக்காளராக இருந்தவர், உடனே மறுத்தார். "தங்கச்சி, காசு கொடுத்து வாங்கியது கெட்டால் கொடுத்தவனைப் பிடிக்கலாம். சும்மா வந்தது கெட்டால் யாரைப் பிடிப்பாய்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நான்கு மாதம் இரண்டு தளங்களையும் அருகருகே வைத்துப் பழகிய பிறகு எழுதுவதே இந்த மதிப்புரை.

உபுண்டு எங்கிருந்தோ வந்த பெயர் என்று நினைத்த பெற்றோர் சிலர் இருந்தனர். அது எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பேசப்படும் சூலு மொழியின் சொல். "உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு", அதாவது ஒருவர் மற்றவர்களால்தான் மனிதராகிறார் என்னும் சூலு முதுமொழியில் உறையும் கருத்துக்குப் பெயர்தான் உபுண்டு. 2004 அக்டோபரில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டவர் வெல்கம் நகரில் பிறந்து கேப்டவுனில் படித்த மார்க் ஷட்டில்வொர்த். தாட் என்னும் தம் நிறுவனத்தை 1999இல் விற்ற பணத்தில் 2002இல் விண்வெளிக்கும் சென்று வந்த முதல் தென்னாப்பிரிக்கர். இணையம் மெதுவாகவும் விலை மிகுந்தும் இருந்த அந்நாளில், வெற்று வட்டுகளைக் கொண்டுபோனால் இலவச மென்பொருளைப் பதிந்து தரும் ஃப்ரீடம் டோஸ்டர் என்ற இயந்திரங்களை அவருடைய அறக்கட்டளை நாட்டில் ஆங்காங்கே நிறுவியிருந்தது. ஆனால் ஊர்ப்பாசம் ஒரு மென்பொருளுக்கு மதிப்பெண் ஆகாது என்று அண்ணன் சொன்னதை நானும் ஏற்கிறேன்.

நாங்கள் போட்டது உபுண்டு 24.04. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் இது ஒன்று. 2029 வரை இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஏறத்தாழ 6 ஜிபி அளவுள்ள கோப்பை ஒருமுறை இறக்கி ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டால் பத்துக் கணினிகளுக்கும் அதுவே போதும். ஒரு கணினிக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நிறுவுவதற்கு முன்பே, பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று சோதிக்கும் வசதி இருந்ததால், பழையதை அழித்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வரவில்லை.

தமிழ் வகுப்புக்கு ஓர் இயங்குதளத்தை மதிப்பிட ஒரே உரைகல்தான் உண்டு என்பது என் கருத்து: குழந்தை ஒரு விசையை அழுத்தும்போது அதன் மனத்தில் எழுவது தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா? எங்கள் மாணவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள். ஆயாவும் தாத்தாவும் சொல்லும் சில சொற்களும் கோயிலில் கேட்கும் தேவாரமும்தான் அவர்களுக்குத் தமிழ். அவர்களிடம் ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்யக் கொடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தங்கள் குடும்பப் பெயரை எழுதச் சொன்னேன். நூறாண்டுக்கு மேலாக ஆங்கில எழுத்தில் உறைந்துபோன பெயர்கள் அவை. பிள்ளை என்ற பெயருடைய சிறுமி ஆங்கிலத்தில் எழுதுவதைப் போலவே தட்டியதும் திரையில் "பில்லாய்" என்று வந்தது. முதலி என்பது "மூட்லே" ஆயிற்று. கவுண்டரின் கொள்ளுப்பேரன் "கோவெண்டர்" ஆனான். அவர்கள் செய்ததில் பிழை இல்லை. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குப் போகச் சொன்ன முறைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. ல, ள, ழ மூன்றும் ந, ன, ண மூன்றும் அம்முறையில் ஒரே ஆங்கில விசையைச் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. எதை எடுப்பது என்று பெரும்பாலும் பரிந்துரைப் பட்டியலே முடிவு செய்துவிடுகிறது.

தமிழ்99 விசைப்பலகையில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், வ, ங நீங்கலாக மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்துள்ளன. "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகள். ஒரே மெய்யெழுத்து இருமுறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானே அமர்ந்துகொள்கிறது. அவ்வாறே "தங்கம்" என்பதில் ங, க இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் போதும். இன எழுத்துகள் சேரும் வழக்கத்தை விசைப்பலகையே அறிந்திருக்கிறது. புள்ளியைக் கணினி வைத்தால் குழந்தை புள்ளியை எப்படிக் கற்கும் என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ங-வுக்குப் பின் க வருகிறது, ஞ-வுக்குப் பின் ச வருகிறது என்ற வரிசையைக் குழந்தைகள் விரலால் கற்றுக்கொண்டதை நான் கண்டேன். "மமதை" போன்ற சொல்லுக்கு நடுவில் அ-வைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும் என்று சொன்னதும், ம-வுக்குள் ஓர் அ ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான். இலக்கணப் பாடத்தில் மூன்று வாரம் சொல்லியும் ஏறாத செய்தி அது.

இந்தத் தமிழ்99 உபுண்டுவில் எப்படி அமைந்திருக்கிறது? இங்கேதான் உபுண்டுவின் மிகப் பலவீனமான இடம் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. தளத்தை நிறுவியவுடன் மொழிப்பட்டியலில் தெரியும் தமிழ்நெட் 99 என்பது வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில் இயங்கும் அதற்கு, முன்னால் என்ன எழுத்து வந்தது என்று தெரியாது, ஆகவே புள்ளியைத் தானாக வைக்கவும் தெரியாது. முழுமையான தமிழ்99 வேண்டுமானால் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தனியே நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, உள்ளீட்டு மூலங்களில் அதைச் சேர்க்க வேண்டும். தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் பட்டியலில் முதலில் தெரிவதையே எடுத்துக்கொண்டு, லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்று முடிவு கட்டிவிடுவார். விண்டோஸ் 11இல் தமிழ்99, அஞ்சல், ஒலிப்பு முறை ஆகிய விசைப்பலகைகள் யாவும் மொழி அமைப்பிலேயே கிடைக்கின்றன. இந்த ஒன்றில் விண்டோஸுக்கே முழு மதிப்பெண். பட்டியல்களும் பொத்தான்களும் தமிழில் தோன்றும்படி மாற்றிப் பார்த்தேன். உபுண்டுவில் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்து கண்ணை உறுத்தியதால் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டோம்.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை இரண்டும் குறைவில்லை. விண்டோஸில் லதாவும் நிர்மலாவும் இருக்கின்றன. உபுண்டுவில் லோகித், நோட்டோ ஆகியவை கிடைக்கின்றன. சிக்கல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதுதான். லதாவில் இரண்டு பக்கமாக அமைத்த காவடி அறிவிப்பை வேறு எழுத்துருவில் திறந்தபோது அது மூன்றாம் பக்கத்துக்கு வழிந்து, பால்குடம் கிளம்பும் நேரம் மட்டும் தனித் தாளில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது எல்லாக் கணினிகளிலும் நோட்டோவையே நிறுவியிருக்கிறோம். அச்சுக்குப் போவதைப் பிடிஎஃப் ஆக மட்டுமே அனுப்புகிறோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பஜனைப் பாடல் கோப்புகள் எங்களிடம் நிறைய உண்டு. அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு மாற்றாத வரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில், எந்தத் தளமானாலும், அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும் என்பதால் அதை இரண்டின் கணக்கிலும் சேர்க்கவில்லை.

அண்ணன் வென்ற இடங்களையும் சொல்லியாக வேண்டும். அவருடைய கணக்குப் பேரேடு எக்ஸலில் பல ஆண்டுகளாக வளர்ந்த ஒன்று. அதில் அவரே எழுதிய மேக்ரோக்கள், அதாவது கணக்கு வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், உபுண்டுவில் உள்ள லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில் திறந்தபோது சில ஓடின, சில ஓடவில்லை. வருமானவரிக்கும் நன்கொடைச் சான்றிதழுக்கும் தேவைப்படும் பேரேட்டில் "சில" என்ற சொல்லுக்கு இடமில்லை. எங்கள் பழைய அச்சுப்பொறிக்கு உபுண்டுவில் இயக்கி, அதாவது அதை ஓட்டும் மென்பொருள், கிடைக்கவே இல்லை.  மேல்வகுப்பு மாணவர்கள் பள்ளியில் படிக்கும் கணினிப் பாடம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸை ஒட்டியே இருப்பதால், சனிக்கிழமை இங்கே வேறொன்றைப் பழகுவது அவர்களுக்கு இரட்டைச் சுமை என்று ஒரு தாய் சொன்னதும் நியாயமே.

ஆப்பிளின் மேக்கைப் பற்றி இரண்டு வரி. தமிழ் விசைப்பலகையும் எழுத்துருவும் மிக நேர்த்தியாக அமைந்த தளம் அதுதான்; மலேசியாவின் கணினித் தமிழ் வல்லுநர் முத்து நெடுமாறன் வடிவமைத்தவை பல ஆண்டுகளாக அதனுள்ளேயே வருகின்றன. ஆனால் இன்டெல் செயலியுள்ள பழைய மேக்குகளுக்கு 2025இல் வந்த டாஹோ பதிப்பே கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், இரண்டாங்கை மேக் வாங்கலாம் என்ற யோசனையைக் கைவிட்டோம்.

மின்வெட்டுப் பழக்கம் எங்களை விட்டு இன்னும் போகவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் கடுமையான ஆறாம் நிலை வரை போன லோட்ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு, 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் தணிந்திருந்தாலும், செத்த மின்கலத்தோடு மின்கம்பியை நம்பி ஓடும் கணினிகளில் புதுப்பித்தல் நடுவழியில் இருக்கும்போது மின்சாரம் போனால் எந்தத் தளமானாலும் ஆபத்துதான். உபுண்டுவில் எப்போது புதுப்பிப்பது, எப்போது மறுதொடக்கம் செய்வது என்பதை நாமே முடிவு செய்வது எளிது. விண்டோஸில் தள்ளிப்போடலாம், ஆனால் ஒரு வரம்பு வரைதான். டேட்டாவுக்கு ராண்டு ராண்டாகக் கொடுக்கும் எங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

நான்கு மாதத்துக்குப் பின் எட்டுக் கணினிகளில் உபுண்டு ஓடுகிறது. 4 ஜிபி நினைவகமுள்ள இரண்டில் உபுண்டு குறைந்தபட்சத் தேவையைத் தொட்டு மூச்சு வாங்கியதால், உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டு 24.04 போட்டிருக்கிறோம், அதற்கான ஆதரவு மூன்றாண்டுதான், 2027 வரை. பேரேட்டுக்காக அண்ணனுக்கு மட்டும் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். "கெட்டால் யாரைப் பிடிப்பாய்" என்ற அவருடைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது: பதினான்கு வயது மாணவர்கள் இருவர் இப்போது பென் டிரைவிலிருந்து தளத்தை மீண்டும் நிறுவக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அச்சுப்பொறிக்கு மட்டும் இன்னும் யாரும் கிடைக்கவில்லை. அது அண்ணனின் விண்டோஸ் கணினியோடு இணைந்து கிடக்கிறது. குழந்தைகள் உபுண்டுவில் எழுதும் கட்டுரைகளை அச்சிட, அவர்கள் பிடிஎஃப் எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு தாளையும் அச்சிடுவதற்கு முன் வாசித்து, றகர ரகரப் பிழைகளைத் திருத்திவிட்டு வரும்படி திருப்பி அனுப்புகிறார்.