கிணற்றடிச் சுவரில் மூன்று ஆண்டுகள்: நானே செய்த வோல்ட், ஆம்பியர் அளவி

கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) இரண்டாம் முறையாக எரிந்தபோதுதான், வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தை நாமே கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். நிரல் எழுதி ஓட்டும் சிறு பலகையான ஆர்டுயினோ நானோ, மின்னழுத்தத்தை அளக்க இசட்எம்பிடி101பி உணரி, மின்னோட்டத்தை அளக்க 30 ஆம்பியர் ஏசிஎஸ்712 உணரி, இரண்டு வரித் திரை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கட்டி முடித்துவிட்டேன். அதை நம்புவதற்குத்தான் ஓராண்டு ஆயிற்று.

முதல் பிழை என் நிரலில் இருந்தது. ஆர்எம்எஸ் எனப்படும் பயனுறு மதிப்பைக் காண, அலையின் உச்சத்தைப் பிடித்து 0.707ஆல் பெருக்கியிருந்தேன். மின்கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தில் அது சரியாகவே காட்டியது. ஒருநாள் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் எண் 160க்கு இறங்கியது. எந்த அலையிலும் பயனுறு மதிப்பைச் சரியாகக் காட்டும் எலக்ட்ரீஷியன் அண்ணனின் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரோ 226 என்றது. எங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டர். சதுர அலையில் உச்சமும் ஆர்எம்எஸ் மதிப்பும் ஒன்றே, 0.707 சைன் அலைக்கு மட்டுமே உரிய எண். அன்று இரவே நிரலை மாற்றினேன். ஒவ்வொரு மாதிரியையும் வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்கிறது இப்போதைய நிரல். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. முழுதாகப் பத்துச் சுற்றுகளை எடுத்துக் கணக்கிட்டால் எண் துள்ளாமல் நிற்கிறது.

அடுத்த சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் திணறினேன். கிளாம்ப் மீட்டரில் 230 இருக்கும்போது என் திரையில் 240. உணரியின் அளவைச் சரிசெய்யும் திருகை எத்தனை முறை திருப்பி வைத்தாலும் சில நாளில் பிழை திரும்பி வந்தது. உணரி மேல் குற்றமில்லை. நானோவுக்கு மின்சாரம் கொடுத்த பழைய செல்பேசி சார்ஜர், திரை விளக்கு எரியும்போது 5 வோல்ட்டிலிருந்து 4.8க்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த 5 வோல்ட்டையே அளவுகோலாக வைத்துத்தான் நானோவின் சில்லு எல்லாவற்றையும் அளக்கிறது. அளவுகோல் சுருங்கினால் அளவு பெருத்துத் தெரியும். ஏடிமெகா328பி என்ற அந்தச் சில்லுக்குள்ளேயே சுமார் 1.1 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தம் ஒன்று உண்டு. அது சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை வேறுபடும், ஆனால் ஒரே சில்லில் பெரிதாக அசையாது. அதை ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டு, அதைக் கொண்டு சார்ஜர் தரும் மின்னழுத்தத்தைக் கண்டு, அளவை ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்ளச் செய்தேன். அதற்குப் பிறகு திருகைத் தொடவே இல்லை.

30 ஆம்பியர் ஏசிஎஸ்712 ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் தருகிறது. நானோ பிரித்தறியும் மிகச் சிறிய படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அதாவது ஒரு படிக்கு 74 மில்லியாம்பியர், 230 வோல்ட்டில் 17 வாட். 9 வாட் எல்இடி பல்பு மின் இரைச்சலில் மூழ்கிவிடும். மோட்டாருக்கு இது பொருட்டில்லை. ஆனால் அந்தப் பலகையின் அடியில் ஃபேஸ் மின்சாரம் திறந்த ஈயப்பற்றுகளில் ஓடுகிறது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பியைச் சுற்றிக் கவ்வும் எஸ்சிடி-013 மின்னோட்ட மாற்றிக்கு மாறினேன். ஒரே கம்பியைத்தான் கவ்வ வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அழித்துச் சுழியம் காட்டும். மின்னழுத்த உணரிக்கு முன்னால் சிறு ஃபியூஸ் கட்டாயம். கம்பி இணைப்பை எலக்ட்ரீஷியனிடமே விட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தக் கோடையில் அது காட்டியவை: பகலில் 230 வோல்ட், மோட்டார் 5.2 ஆம்பியர். மாலை ஏழு மணிக்கு 195 வோல்ட், 6.4 ஆம்பியர். அழுத்தம் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். எங்கள் மோட்டார் எரிந்த காரணத்தை அந்த இரண்டு வரிகளில்தான் பார்த்தேன். இப்போது அப்பா ஸ்விட்சைத் தொடும் முன் திரையைப் பார்க்கிறார். 200க்குக் கீழே இருந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விடுகிறார்.