பாரிஸ் பாசாஜ்கள்: வழிகாட்டியோடா, தனியாகவா?

பனோராமா, ஜூஃப்ருவா, வெர்தோ. கண்ணாடிக் கூரை போட்ட மூன்று பழைய கடைவீதிகளும் ஒரே நேர்வரிசை; தெருவைக் கடந்தால் அடுத்தது. வழி தவறவே முடியாது. தனியாகப் போனால் தபால்தலைக் கடை முன்னால் ஆசை தீர நிற்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஜூஃப்ருவா நடுவில் சட்டென்று ஒடிந்து படியிறங்கும் மூலையிலும் அப்படித்தான்.

ஆனால் பனோராமாவுக்கு மட்டும் வழிகாட்டி வேண்டும் என்பேன். பெயருக்குக் காரணமே வாசலருகே இருந்த இரண்டு வட்டக் கட்டடங்கள். உள்ளே சுவரைச் சுற்றிலும் நகரக் காட்சி ஓவியங்கள். 1831-இல் இடித்துவிட்டார்கள். இல்லாததைத் தனியாகப் போய் எப்படிப் பார்ப்பது?

இன்னொரு கடைவீதியான விவியென்னுக்கு வழிகாட்டி யாரும் வேண்டாம். தரையின் மொசைக்கைக் குனிந்து பார்த்தால் போதும்.