பூவைத் தள்ளிப்போட்ட ஆண்டுகள்: என் கிரேப் மிர்ட்டில் போன்சாய்

2017 ஜூன் மாதம் கோவையில் 150 ரூபாய் கொடுத்து வாங்கிய கிரேப் மிர்ட்டில் பைச்செடி இது. சுருங்கிய இளஞ்சிவப்பு இதழ்களோடு கொத்தாகப் பூக்கும் மரம். அப்போது அடிமரம் சுண்டுவிரல் பருமன்தான். இன்று மணிக்கட்டுப் பருமன், 40 சென்டிமீட்டர் உயரம். எங்கள் மொட்டைமாடியில், சிறிய தட்டில் குட்டையாக வளர்க்கும் மரங்களான பதினோரு போன்சாய்களில், வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது இதன் முன்னால்தான்.

இதற்கு முந்தைய ஆண்டு வேறொரு நர்சரியில் கிரேப் மிர்ட்டில் என்று சொல்லிக் கொடுத்தது உண்மையில் பூமருது. இரண்டும் ஒரே பேரினம், பூவிலும் ஒரே சாயல். ஆனால் பூமருதின் இலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வளரும். சிறிய தட்டில் அது ஒருபோதும் மரமாகத் தெரியாது. கிரேப் மிர்ட்டிலின் இலை கட்டைவிரல் நீளம்தான். ஆகவே வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள்.

நான் செய்த பெரிய தவறு, வாங்கியதும் செடியைப் போன்சாய் தட்டில் வைத்தது. இரண்டு ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது, பூத்தது, ஆனால் அடிமரம் தடிக்கவே இல்லை. வேர் ஓடவும் கிளை நீளவும் இடம் கிடைத்தால்தான் தண்டு பருக்கும். 2019இல் 18 அங்குல சிமெண்ட் தொட்டிக்கு மாற்றி, கத்தரியை எடுத்து வைத்துவிட்டேன். ஏழு அடிக்குக் கொம்பு கொம்பாக வளர்ந்தது. 2021 ஜனவரியில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு ரம்பத்தால் அறுத்தேன். அறுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது வாரம் வெட்டுவாயைச் சுற்றிலும் சிவந்த தளிர்கள் முட்டிக்கொண்டு வந்தன. முதிர்ந்த கட்டையிலும் இவ்வளவு தாராளமாகத் துளிர்க்கும் மரங்கள் குறைவு. நடுத்தண்டாக ஒன்று, பக்கக் கிளைகளாக மூன்று என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டேன். வெட்டுவாயைச் சாய்வாகச் செதுக்கி மெழுகுப் பசை பூசுங்கள். தண்ணீர் தேங்கினால் கட்டை உள்ளே இற்றுப்போகும். காயம் மூடுவதற்கும் வெகுகாலம் ஆகும். என் மரத்தின் பின்புறத்தில் அது இன்னும் முழுதாக மூடவில்லை.

அடுத்து வந்தது பூவா, உருவமா என்ற சிக்கல். கிரேப் மிர்ட்டில் அந்த ஆண்டு விட்ட தளிரின் நுனியில்தான் பூக்கும். போன்சாய்க்கு நுட்பமான கிளைகள் வேண்டுமென்றால் தளிரை அடிக்கடி நறுக்க வேண்டும். நறுக்கினால் பூ இல்லை. பூவுக்காக விட்டால் கிளை நீண்டு, கணு இடைவெளி கூடி, உருவம் கலைந்துவிடும். நான் 2021 முதல் 2023 வரை மூன்று கோடையிலும் பூவே வேண்டாமென்று இரண்டு கணு விட்டு நறுக்கிக்கொண்டே இருந்தேன். “பூக்கிற செடியை இப்படி வெட்டலாமா, கண்ணு?” என்று அம்மா மாடிக்கு வரும்போதெல்லாம் கேட்டார். பதில் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றிருக்கும் கிளையமைப்பு முழுவதும் அந்த மூன்று ஆண்டுகளில் வந்ததுதான்.

இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. நம் சமவெளியில் எல்லா இலையும் தானாக உதிர்வதில்லை. ஜனவரியில் மிச்சமிருப்பதைக் கையால் உருவிவிட்டு ஒட்டக் கவாத்து செய்கிறேன். மார்ச் நடுவில் ஒருமுறை நுனி கிள்ளுவேன். அதன்பின் கத்தரி தொடுவதில்லை. மே கடைசியில் சுருக்கம் சுருக்கமான அந்த இளஞ்சிவப்பு இதழ்கள் விரியும். வாடியதும் காய் பிடிக்கவிடாமல் கொத்தை நறுக்கினால் இன்னொரு சுற்று பூக்கும். சீனர்கள் இதை ‘நூறு நாள் சிவப்பு’ என்று அழைப்பது மிகையல்ல.

கம்பி கட்டுவதில் கவனம் வேண்டும். பட்டை மெல்லியது. மழைக்காலத்தில் மூன்றே வாரத்தில் அலுமினியக் கம்பி பட்டைக்குள் புதைந்து, ஒரு கிளையையே நான் இழந்தேன். கிளை பச்சையாக இருக்கும்போதே வளையுங்கள், வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஆறாவது ஆண்டில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பழுப்புப் பட்டை மெல்லிய செதிலாக உரிந்து, கொய்யா மரத்தைப் போல வழுவழுப்பான தண்டு வெளிப்பட்டது. ஓரிடத்தில் சாம்பல், ஓரிடத்தில் வெளிர் பச்சை, ஓரிடத்தில் சந்தன நிறம். ஜப்பானியப் பெயர் ‘சருசுபேரி’. குரங்கும் வழுக்கும் என்று பொருள். நம் ஊர்த் திருவிழா வழுக்குமரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பூவை விடவும் இந்தத் தண்டுதான் இப்போது எனக்குப் பிடித்தது. இதைத் தேய்த்தோ சுரண்டியோ வரவழைக்க வேண்டாம், தானாகவே வரும்.

மண்கலவை: செங்கல் சல்லி பாதி, ஆற்றுமணல், மக்கிய தொழு உரம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரிக் கடைசியில், மொட்டு புடைக்கும்போது தட்டு மாற்றுகிறேன். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் தேவை. வீட்டுக்குள் வைக்க நினைப்பவர்களுக்கு இந்த மரம் வேண்டவே வேண்டாம். போர்வெல் உப்புத் தண்ணீரில் இலை விளிம்பு கருகியது. சிறுவாணித் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் நின்றது. ஆடிக் காற்றில் தட்டு இரண்டு முறை கவிழ்ந்தபின் கம்பியால் பலகையோடு கட்டிவிட்டேன்.

உண்மையான தொல்லை சாம்பல் நோய். மழை ஓய்ந்து பனி இறங்கும் நவம்பரில் தளிரில் வெள்ளைப் பொடி படியும். நனையும் கந்தகத்தூளை (தண்ணீரில் கலக்கும் வகை) லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து காலை வேளையில் தெளிப்பேன். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள், இல்லையென்றால் இலை பொசுங்கும்.

2021இல் அறுத்த கொம்புகளில் பென்சில் பருமனானவற்றை மணலில் செருகினேன். பத்தில் எட்டு வேர்விட்டன. அவற்றில் ஒன்றை அம்மா வாசல் கேட் அருகே நட்டார். அது இப்போது மதில் உயரம். அதில் மட்டும் நான் கத்தரி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.