நான்கு ஆண்டுகளாக என் வகுப்பில் பிளிக்கர்ஸ் அட்டைகள்

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 38 பிள்ளைகள், ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் என்னுடையது. அதனால்தான் பிள்ளைகள் காட்டும் விடைகளைக் கேமரா வழியாகப் படிக்கும் பிளிக்கர்ஸ் (Plickers) செயலி எனக்கு ஒத்துவந்தது. பிள்ளைகள் கையில் இருப்பது கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட காகித அட்டை. ஆளுக்கு ஓர் எண், அட்டைக்கு ஏ, பி, சி, டி என நான்கு பக்கம். தன் விடை மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு முறை ஓட்டினால், யார் எதைச் சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்தில் எட்டிப் பார்ப்பது கடினம்.

முதல் ஆண்டு தசம எண் பாடம் முடித்ததும், "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. மறுநாள் அட்டையில் கேட்டேன்: 0.5, 0.35, 0.405, 0.29 இவற்றில் பெரியது எது? 21 பேர் 0.405 காட்டினார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படித்திருக்கிறார்கள்! ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் செய்துவந்ததுபோல, விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டேன். ஒரு பையன் சொன்னான்: "0.5ன்னா அரை ரூபாய்டா. மத்தது நாற்பதரைக் காசுதானே?" மறுபடி கேட்டபோது 33 பேர் சரி. எனக்கு அந்த விளக்கம் தோன்றியிருக்காது.

ஒரு பருவத்தில் இதையே வளரறி மதிப்பீட்டு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) மதிப்பெண்ணாக்கிப் பார்த்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் நண்பன் முகத்தைப் பார்த்து அட்டையைத் திருப்ப ஆரம்பித்தார்கள். உடனே நிறுத்திவிட்டேன். தவறாகக் காட்டப் பயம் வந்துவிட்டால் அந்த அட்டையால் எனக்கு எந்தப் பயனும் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: பளபள லேமினேஷன் வேண்டாம். கிழியாமல் இருக்கட்டும் என்று போட்டேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா படிக்கவே இல்லை. இப்போது பளபளப்பு இல்லாத தடித்த தாள்தான். அப்புறம், கட்டத்தின் மேல் விரல் படாமல் விளிம்பில் பிடிக்கப் பழக்க ஒரு வாரம் ஆகும்.

வகுத்தலில் எந்தப் படியில் சறுக்கினார்கள் என்பது அட்டையில் தெரியாது. அதற்கு இன்றும் வெள்ளிக்கிழமை நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கிவருகிறேன். அவற்றில் இருக்கும் தப்பான விடைகளிலிருந்துதான் திங்கட்கிழமைக் கேள்விக்கு பி, சி, டி எடுக்கிறேன்.