ஐஸ்லாந்து இளையோர் கால்பந்து: உள்ளரங்கமா, பள்ளித் திடலா?

குளிர்காலப் பயிற்சிக்கு எது நல்லது: கூரை போட்ட முழு மைதானமா, பள்ளியோரச் சிறு செயற்கைப்புல் திடலா?

செலவு: அரங்கம் நகராட்சிக்கே பெருஞ்சுமை. திடலைச் சிற்றூரும் கட்டலாம். நாட்டில் இத்தகைய திடல்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன.

பயிற்சி: 2000இல் கெப்லாவிக் என்ற ஊரில் திறந்ததைப் போன்ற முழு அரங்கில் 11 பேர் ஆட்டம், ஆஃப்சைடு (பந்து வாங்குபவர் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை முந்தி நிற்கக் கூடாது என்ற விதி), நீண்ட பாஸ் எல்லாம் பழகலாம். ஆனால் காற்றே இல்லாமல் பழகியவர்கள் வெளியே உயரப் பந்தைக் கணிக்கத் தடுமாறுவார்கள். திடலில் ஐவர் ஆட்டம்; ஒவ்வொருவர் காலிலும் பந்து அடிக்கடி படும்.

பராமரிப்பு: திடலுக்கடியில் வெந்நீர்க் குழாய் இல்லையென்றால் பனி உறைந்து வழுக்கும்.

12 வயதுவரை திடலே சிறந்தது, நடந்தே போகலாம். 15க்கு மேல் அரங்கம் வேண்டும். 2011இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியின் இறுதிக்கட்டத் தொடரில் ஆடிய ஐஸ்லாந்து அணியில் பலர் அரங்கங்கள் வந்தபின் வளர்ந்தவர்கள்.